எண்ணத் தொடங்கினேன்

முதல் வாரம் எண்ணினேன்.
பொறி வாளித் தண்ணீரில்
விடிந்தால் முப்பத்தொன்று, மறுநாள் எழுபது.
கூனாம்பிள் சைலோவில் தானிய மாதிரி எடுப்பவள் நான்.
ஒரு குவளைக்கு எத்தனை உடைந்த மணி,
எத்தனை புழுக்கை என்று பார்த்து
லாரிகளைத் திருப்பி அனுப்புகிறவள்.
எண்ணுவது கைப்பழக்கம்.
நானூறு தாண்டியதும் விட்டுவிட்டேன்.
வாளியை மட்டும் கவிழ்த்தேன்.

மூன்று வருட வறட்சி.
பிறகு பெய்தது, விளைந்தது, சிந்தியது.
அவற்றுக்கு அது போதும்.

மூன்று வாரத்துக்கு ஓர் ஈற்று.
இன்று பிறந்தது ஆறாம் வாரம் தாய்.
குகநேசன் பீட்சா அட்டையில் கணக்குப் போட்டான்;
ஆடிக்குள் தரையே தெரியாது என்றான்.
பெருக்கல் சரிதான்.
அதில் வயிறு இல்லை.

கட்டில் கால்கள் நான்கையும்
தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தி உறங்கினோம்,
தீவில் உறங்குவதுபோல.
பக்கத்து வீட்டு மொரீனின் பூனை
முதலில் கொண்டாடியது,
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எங்கள் சுவருக்குள் எது தனி?
ஒன்றின் முதுகில் ஒன்று,
ஒன்றின் மூச்சில் ஒன்று,
இரவெல்லாம் பிளாஸ்டர் சுரண்டும் ஊர்.

ஜூன் மாதம், ஒரு வியாழன்,
திடுக்கிட்டு எழுந்தேன்.
சத்தம் கேட்டு அல்ல.

சுவர் சும்மா இருந்தது.

பிரிட்ஜை நகர்த்தினோம்.
வால்கள் கிடந்தன.
வாலுக்கு உரியவை இல்லை.
காது கடிபட்ட ஒன்று மட்டும்
விலகி ஓடாமல்
தன் குட்டியைப் பிடித்தபடி இருந்தது.
ஊட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.
குகநேசன் விளக்கை அணைத்தான்.

கிளப்பில் அன்று எல்லோருக்கும் இலவச பீர்.
விஷம் விற்றவர் தன்னால்தான் என்றார்.
பாதிரியார் மேலே கை காட்டினார்.
குளிர் என்றார்கள், நோய் என்றார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை;
என் கண்ணில் அந்த வால்கள்.

அடுத்த மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில்
ஆந்தைகள்.
வெள்ளை முகம், இதய வடிவம்.
எலி மிகுந்த காலத்தில்
ஈட்டுக்கு மேல் ஈடு பொரித்துப் பெருகியவை.
வேலைக்குப் போகும் வழியில்
காரை நிறுத்தி ஒன்றைத் தூக்கினேன்.
கை நிறைய இறகு.
எடை என்று எதுவும் இல்லை,
என் மாதிரிக் குவளையில் பாதிகூட வராது.
நூறடி தள்ளி இன்னொன்று,
வேலிக்கம்பியில்.
அதற்கும் அப்பால், வெயிலில் எதுவோ வெள்ளையாக.

பின்னிருக்கையில் துணி விரித்துக் கிடத்தினேன்.
மறுபடி
எண்ணத் தொடங்கினேன்.