இடைவேளைக்குப் பிந்தின மூணு நிமிஷம்

ததேயுஸுக்கு இடைவேளை என்றால்
விளக்கு எரிவது அல்ல,
வெளியே ஏத்தன்பழ பஜ்ஜி
எண்ணெயில் புரண்டு படுப்பது.
மார்த்தாண்டத்தில் கொட்டகை மாறிவிட்டது,
நாற்காலி மாறிவிட்டது.
மணியடித்த பிறகும் இவர்
டீயை ஊதி ஊதி நிற்பார்.
இருட்டில் என் காலை மிதித்துக்கொண்டு
வந்து உட்காரும்போது
படத்துக்கு மூன்று நிமிடம் வயதேறியிருக்கும்.

"ஒண்ணும் போகல்லியே?"
"ஒண்ணும் போகல்ல."

அந்தத் தோணிப் படத்தையும் அப்படித்தான் பார்த்தோம்,
கல்யாணமாகி ஏழாம் மாசம்.
அண்ணன், தம்பி, ஆறு, ஒரு தோணி.
தம்பி வேலாண்டி ராத்திரியோடு ராத்திரியாகத்
தோணியை விற்றுவிட்டுக் காணாமல் போகிறான்.
இடைவேளை.
இவர் பஜ்ஜிக்குப் போனார்.
நான் பார்த்தேன்:
வட்டிக்காரன் மேசையில்
அண்ணன் கைநாட்டு வைத்த காகிதம்.
விடிந்தால் போலீஸ்.
வேலாண்டி தோணிக் காசை எண்ணி வைக்கிறான்.
காகிதத்தை வாங்கி, நாலாய் மடித்து,
வாயில் போட்டு மெல்லுகிறான்.
வசனம் இல்லை.
விழுங்கி முடிக்கிற வரைக்கும்
கேமரா நகரவே இல்லை.

ஸ்கூட்டரில் கருங்கலுக்குத் திரும்பும் வழியில்
"அந்தப் பயல் துரோகி, கேட்டியா" என்றார்.
முன்னால் ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ,
அதன் நாற்றம்.
சொல்ல வாயெடுத்தேன்.
ஏழு மாதப் புருஷன்
ஒரு ஆளைப்பற்றி இத்தனை உறுதியாக இருப்பது
எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பிறகு வில்பர்ட்
ரோட்டோரத்து எட்டு சென்டை விற்றான்.
இவருடைய கூடப்பிறந்தவன்.
அன்றுமுதல் எங்கள் வீட்டில்
அவனுக்குப் பேரு வேலாண்டி.
பதினாலு வருஷம்.
எனக்கு மட்டும் அந்தப் பெயர்
ஒவ்வொரு தடவையும் நாக்கில் காகிதம்.
வில்பர்ட் எதற்கு விற்றான், தெரியாது.
அந்தக் காட்சிக்கு
நானும் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை.

நானும் யோக்கியம் கிடையாது.
அழுகை வருகிற இடத்தில் முந்தானை என் முகத்தில்.
வேலாண்டியின் கடுதாசி
அண்ணன் பெண்டாட்டி கோசலை கைக்கு வந்தபோது
வயலின் மட்டும் கேட்டேன்.
"என்ன செய்தா?"
"அடுப்புல போட்டா. பின்ன என்ன செய்வா?"
அதோடு கோசலையை எனக்கு ஆகாது.
அன்பியக் கூட்டத்தில்கூட ஒருதரம்
பக்கத்து வீட்டுக்காரியை ஏசுவதுபோல
அவளை ஏசியிருக்கிறேன்.

போன மழையில், டிவியில்,
இவர் கடையடைத்து வருமுன்
தனியாகப் பார்த்தேன்,
முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு.
கோசலை அடுப்புவரை போகிறாள்.
ஒரு ஓரம் பற்றுகிறது.
வெறும் விரலால் அணைக்கிறாள்.
அரிசிப் பானைக்குள்
முழங்கை மறையும்வரை கைவிட்டுப்
புதைக்கிறாள்.

ததேயுஸ் பொய் சொன்னாரா,
தீயைக் கண்டதும் போதுமென்று
தலையைத் திருப்பிக்கொண்டாரா?
இன்னும் நாலு நொடி பார்த்திருக்கலாம்.
நான் முகத்தை மூடாமலும் இருந்திருக்கலாம்.
பத்தொன்பது வருஷம் ஒருத்தியை வெறுத்ததற்கு
யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?
அவள் விளம்பரத்துக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு பூசையில்
வில்பர்ட் மகளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள்.
இவர் அண்ணாந்து
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் புதுப்படம், மார்த்தாண்டம்.
விளக்கு எரிந்ததும்
"இன்னைக்கு டீ நான் வாங்குதேன், இரியுங்க" என்றேன்.
மணியடித்தும் வெளியே நின்றேன்.
பஜ்ஜிச் சூட்டில் நாக்குப் பொள்ளியது.
உள்ளே யாரோ யாருக்காகவோ
எதையோ செய்துகொண்டிருந்தார்கள்.
சுவர் வழியே அதிர்வு மட்டும் வந்தது.

இவர் காலை மிதித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.
"ஒண்ணும் போகல்லியே?"

டீயை வாங்கினார்.
ஒரு மடக்கு குடித்தார்.
"போச்சு" என்றார்.
"பொறவு சொல்லுதேன்."