கூலி மரக்கால்

நண்டலாற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் சீமை.
கோடையில் கணுக்கால் தண்ணீர், ஐப்பசியில் கழுத்தளவு.
நீ கழுத்தளவில் போனாய்,
தலையில் என் மரக்காலைக் கவிழ்த்துக்கொண்டு.

மரக்கால் களவு போனது என்றுதான்
பதினோரு வருஷமாக ஊரில் சொல்லிவந்தேன்.
ஆள் போனான் என்று சொன்னதில்லை.
காரைக்கால் கச்சேரிக்கு இரண்டு முறை எழுதினேன்:
பெயர் மண்ணாங்கட்டி,
வயது இருபத்திரண்டு இருக்கலாம்,
முதுகில் தழும்பு.
தழும்பு எப்படி வந்ததென்று அவர்களும் கேட்கவில்லை.
ஆசாரியிடம் அதேபோல் இன்னொரு மரக்கால் செய்யச் சொன்னேன்.
அவனும் அளவு கேட்கவில்லை.

இன்று, தை அறுப்பில், களம் நிறைய ஆட்கள்.
கால்சட்டை போட்ட ஒருவன் வரப்பில் வந்தான்.
செருப்பைக் கழற்றவில்லை.
முகம் பிடிபடவில்லை எனக்கு,
கையிலிருந்த மரக்கால்தான் பிடிபட்டது.

பினாங்கு உபதேசியார் கொடுத்த கடிதத்தை நீட்டினாய்.
நாலே வரி.
இவன் ஞானஸ்நானம் பெற்றவன்;
தங்களிடம் வரவேண்டுமென்று அவனே கேட்டான்;
ஏற்றுக்கொள்ளுங்கள்;
தாங்களும் கர்த்தரை அறிந்தவர் என்று கேள்வி.
கேள்வி என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

"இப்ப பேரு என்ன?"
"ஏசடியான்."
போரடியில் யாரோ சிரித்தார்கள்.
"அடியான்தான். உங்களுக்கு இல்லீங்க" என்றாய்.
அந்த 'ங்க'வை மட்டும் நீ கடலில் போடவில்லை.

பிறகு நீ பேசவில்லை.
வாரம் அளந்துகொண்டிருந்த பெரிய மரக்காலுக்குள்
உன்னுடையதை இறக்கினாய்.
விளிம்பு தட்டாமல் இறங்கியது.
சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி.
கணக்குப்பிள்ளை வாய்க்கால் பக்கம் பார்த்தார்.
வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று.
அந்த ஒரு விரல் அகலத்தில்தான்
என் மாடி வீடு, மகள் ஞானப்பூவின் கல்யாணம்,
கோயிலுக்கு நான் வார்த்துக்கொடுத்த மணி.

இரவு ஜெபத்தில் கடன் என்றொரு வார்த்தை வரும்.
எனக்குக் கடன்பட்டவனென்று
உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன்,
பெருந்தன்மையோடு.

மன்னித்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
கடிதம் கேட்டதும் அதைத்தானே.
நாக்கு புரளவில்லை.
குனிந்தேன்.
மரக்காலை எடுக்கத்தான் குனிகிறேன் என்று
என் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.
முழங்காலில் தாளின் அடிக்கட்டை குத்தியது.
"நீ சொல்லு, ஏசடியான். நான் கேட்டுக்கறேன்."

வெகுநேரம் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.
"என் முதுகுக்குச் சொல்லியாச்சு. கப்பல்லயே சொல்லியாச்சு.
மரக்காலுக்கு இவங்கதான் சொல்லணும்.
எங்கப்பனுக்கு..."

நீ போன மறுநாள்
உன் தகப்பன் சின்னாண்டியை வைக்கோல்போர் ஓரம் கட்டவைத்தேன்.
கட்டச் சொன்னது நான். எண்ணியதும் நான்.
அந்த மார்கழியை அவர் தாண்டவில்லை.

"அதுக்கு இன்னும் வரலீங்க.
கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், அவர்கிட்ட."
அப்பனிடமா ஆண்டவரிடமா என்று
நான் கேட்கவில்லை.

எழுந்திருக்கக் கை கொடுத்தாய்.
காய்ப்பேறிய கை, ரப்பர் பால் வாடை.
அறுபது வயதில் முதல்முறையாகத் தொடுகிறேன்.
தொடாமலே அடிக்கச் சாட்டை இருந்தது என்னிடம்.

வெயில் சாய்ந்தது. கூலி போடவேண்டும்.
பழக்கத்தில் சின்னதை எடுக்கப் போனார் கணக்குப்பிள்ளை.
தலையசைத்தேன்.
நீ கொண்டுவந்த மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் உட்கார்ந்தாய், நான் நின்றிருக்கையில்.

பெரியதில் முதல் மரக்கால் நெல் விழுந்தது.
களத்தில் முதலாவதை ஒன்று என்று எண்ணுவதில்லை.
கணக்குப்பிள்ளைக்குக் குரல் எழவில்லை.
உட்கார்ந்தபடியே நீ சொன்னாய்:
"லாபம்."