ஏறுவதற்கு மட்டும் காசு

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
ஏறப் பத்துத் தெத்ரி,
இறங்க இனாம்.
திபிலிசியில், குல்தானியில், ஒன்பதாம் மாடியில்
கைத்தொழில் நாலை வைத்துக்கொண்டு
குடியிருக்கிறவளுக்கு
வரவுசெலவுக் கணக்கு இவ்வளவுதான்.

காலை எட்டரை. இடுப்பில் கேசாரியா,
தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசி.
உணவகக்காரர் கத்துகிறார்:
மெனு அட்டையில் நான் வரைந்த கறிக்கொழுக்கட்டைக்கு
மடிப்பு குறைகிறதாம்.
பத்தொன்பது இருக்கிறது, எண்ணித்தான் வரைந்தேன் என்கிறேன்.
எங்கள் கடையில் இருபத்திரண்டு என்கிறார்.
சரி, மூன்று மடிப்பு.
மூன்று மடிப்புக்குத் தனியாக பில் போட முடியுமா?
கேசாரியா என் கம்மலைப் பிடித்து இழுக்கிறாள்.
அவளுக்கும் ஏதோ திருத்தம் இருக்கிறது.

மதியம், கல் செதுக்கும் ஜும்பேர் அனுப்பிய படம்.
கல்லறைக் கருங்கல்லில் இறக்க வேண்டிய முகம்.
கிடைத்தது பாஸ்போர்ட் படம் மட்டும்.
பாஸ்போர்ட் படத்தில் யார்தான் உயிரோடு இருக்கிறார்கள்?
அவர் மனைவி சியாலாவை அழைத்தேன்.
நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:
"இடது புருவத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.
பொய் சொல்லும்போது அப்படித்தான் இருப்பார்."
தூக்கினேன்.
மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது.

இரவு பதினொன்றுக்குக் கடைசி ட்ரிப் முடித்து
மல்காஸ் வருவார்.
மினிபஸ் சாவியை என் கையில் தந்துவிட்டுப்
பிள்ளைகளிடம் போவார்.
வாசலில் நாங்கள் மாற்றிக்கொள்வது ஷிஃப்ட்,
சில நாள் ஒரு முத்தமும்.
பதினெட்டு இருக்கை, கனத்த திரைச்சீலை,
ஈரக் கம்பளியும் வெங்காயமும் மணக்கிற இருட்டு:
என் ஒலிப்பதிவுக் கூடம்.
அங்கே நான் முள்ளெலி.
காட்டைத் தாண்ட வழி தெரியாமல்
பதின்மூன்று எபிசோடுகளாகச் சுற்றுகிற
கார்ட்டூன் முள்ளெலி.

ராத்தியின் பள்ளிப் படிவத்தில்
'தாயின் தொழில்' என்று ஒரே ஒரு கோடு,
விரற்கடை நீளம்.
எதை விடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே
அவன் எழுதிவிட்டான்: முள்ளெலி.
ஆசிரியை சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.
வட்டத்துக்குக் கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
கேசாரியாவுக்குக் காய்ச்சல்.
மேலே மல்காஸ், ஈரத்துணியோடு.
கீழே முள்ளெலி "யாராவது இருக்கிறீர்களா?" என்று
கேட்க வேண்டும்.
கேட்டேன். ஒரே டேக்.
எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று
இயக்குநர் செய்தி அனுப்பினார்.
முப்பத்தொன்பது டிகிரி என்று எழுதி, அழித்து,
நன்றி என்று எழுதினேன்.
சட்டைப்பையில் காசில்லை.
ஒன்பது மாடியும் நடந்தே ஏறினேன்.
ஆறாவதில் நின்று கொஞ்சம் அழலாமா என்று பார்த்தேன்,
மூச்சு போதவில்லை.

சியாலா பாதிப் பணம் தந்தார்.
மீதிக்கு ஒரு பை அக்ரூட்டும்
ஒரு கண்ணாடிச் சாடியும்.
சாடி நிறையப் பத்துத் தெத்ரிகள்.
"அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது.
சிகரெட்டுக்கு ஒளித்துவைத்திருக்கிறார்.
விட்டுவிட்டேன் என்று என் தலையில் அடித்துச்
சத்தியம் செய்த மனிதர்."
சிரித்தாரா என்று தெரியவில்லை,
கதவுப் பக்கம் திரும்பியிருந்தார்.

இப்போதெல்லாம் லிஃப்ட் காசை விழுங்கும்போது
ராத்தி இடது புருவத்தைத் தூக்குகிறான்.
நான் சொல்லித் தரவில்லை,
மேசையில் படத்தைப் பார்த்திருக்கிறான்.
கேசாரியாவுக்கு ஒன்றை மட்டும் தூக்க வரவில்லை,
இரண்டும் சேர்ந்தே எழும்புகின்றன.

சாடியில் இன்னும் நாற்பத்தொன்று.
இருபத்திரண்டு மடிப்புக்காரர்
இதுவரை பணம் அனுப்பவில்லை.
ஏறுகிறோம்.