இது புல்

ரெஜைனா. நவம்பர். மைனஸ் பதினொன்று.
மைதானத்துக்குப் பின்னால் நிற்கும் லாரிக்குள்
என் வேலை ஒரு கோடு.
மஞ்சள் கோடு. பத்து கஜம் எங்கே முடிகிறதோ அங்கே.
நேரில் வந்து குளிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கிடையாது.
வீட்டில் சோபாவில் கிடப்பவனுக்கு மட்டும் உண்டு.

கோடு ஆட்டக்காரனின் காலுக்கு அடியில் போகவேண்டும்,
காலின்மேல் போகக்கூடாது.
அதனால் இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கிறேன்:
இது புல், இதன்மேல் பூசு.
இது சட்டை, இது தோல், இது பந்து, தொடாதே.
மதியமே பதினொரு பச்சை எடுத்துக் கொடுத்தாயிற்று.
வெயில் பச்சை, நிழல் பச்சை,
விளக்கு போட்டதும் கொஞ்சம் நீலம் ஓடிய பச்சை,
ஆட்கள் மிதித்து மிதித்துப் பச்சை என்று சொல்லமுடியாத ஒன்று.

இரண்டாம் கால்பகுதியில் பனி.
முதலில் தூவல், பிறகு யாரோ மேலே நின்று மாவு சலிப்பதுபோல.
வெள்ளையையும் புல் என்று சொல்லிவிடு,
காதுக்குள் லொரேன்.
சொன்னேன்.
வந்திருக்கும் அணிக்கு வெள்ளைச் சட்டை.
அதையும் சொன்னேன். பதில் இல்லை;
விளம்பரம் முடிய எட்டு நொடி.

மூன்றாம் பகுதியில்
நாற்பத்தொன்று பந்தோடு ஓடி
மூன்று பேருக்கு அடியில் விழுந்தான்.
மூவரும் எழுந்தார்கள்.
அவன் நெஞ்சின் குறுக்கே என் மஞ்சள் கோடு,
நேராக, அழகாக, ஒரு பிசிறு இல்லாமல்.

நான்கு நொடி.
'எடு' என்ற குரல் வருமுன்பே எடுத்துவிட்டேன் என்று
அறிக்கையில் எழுதினேன்.
விரலுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆட்டம் முடியும்வரை கோடே இல்லை.
ஆரஞ்சுக் கம்பும் சங்கிலியுமாக இரண்டு பேர்
வழுக்கி வழுக்கி வந்து அளந்தார்கள்.
வீட்டிலிருந்து கணவனின் குறுஞ்செய்தி: கோடு எங்கே?

நாற்பத்தொன்று நடந்தேதான் போனான். விலா எலும்பு என்றார்கள்.
பக்கத்து நாற்காலியில் தாரிக்
அவன் பெயர்ப்பட்டையை ஏற்றினான்:
பெயர், ஊர், இருநூற்றுப் பதினான்கு பவுண்ட்.

கேபிள் சுருட்டும் நேரத்தில் இயந்திரம் கேட்டது,
இன்றைய நிறங்களைச் சேமிக்கவா?
பதினொரு பச்சை, ஆறு வெள்ளை.
ஆறாவதை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பனியா, துணியா,
எனக்கே பிடிபடவில்லை.

வெளியே வாகன நிறுத்தத்தில்
ஒரே மாதிரி ஐந்து வெள்ளை மேடு.
கையுறையால் ஒன்றைத் துடைத்தேன்.
என்னுடைய கார் இல்லை.