நீங்கள் இருப்பது இங்கே

கோட்டு மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில்
கூடத்துச் சுவரில் ஒரு வரைபடம்.
காலை ஒன்பதேகாலுக்குக் காப்பிக் கோப்பையோடு
அதன் முன்னால் நிற்பேன்.
இருபத்தெட்டு வருஷம் பாரிஸ் மெட்ரோ ஓட்டியவன்,
அடுத்தது எந்த இடம் என்று சொல்வது
இன்னும் விட்டுப்போகவில்லை.

செமூர், இருபத்திரண்டு கிலோமீட்டர்.
கோபுரம் ஒன்றில் மேலிருந்து இறங்குகிறது
ஒரு வெடிப்பு.
"விழுந்துவிடாதா?" என்று கேட்காத விருந்தாளி
இதுவரை வந்ததில்லை.
நீங்கள் காரை நிறுத்தி, படமெடுத்து,
சாப்பிட்டுக் கிளம்பும்வரை விழாது என்பேன்.
சிரிப்பார்கள்.
முதலில் அங்கேதான் போவார்கள்.

ஃப்ளாவினியில் சோம்பு மிட்டாய்.
பந்தி முடிந்து நாம் மெல்லுகிற அதே சோம்புதான்,
இங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.
ஃபோன்தனே மடத்தில் மெல்லப் பேசுங்கள்,
பேசியது உங்களிடமே திரும்பி வரும்.
வெஸலே, குன்றின் மேல்.
ஏறும்போது என்னைத் திட்டுவீர்கள்,
இறங்கும்போது மெழுகுவர்த்தி வாங்கியிருப்பீர்கள்.

உத்ரெக்ட் தம்பதி நான்கையும்
ஒரே நாளில் முடித்துவிட்டு வந்து
சூப் ஆறும்வரை சண்டை போட்டார்கள்,
பூனை படுத்திருந்த படிக்கட்டு
எந்த ஊரில் என்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
இதில் எதையும் நாங்கள் பார்த்ததில்லை.
சனிக்கிழமை விரிப்பு மாற்றும் நாள்,
ஞாயிறு புதியவர்கள் வரும் நாள்,
மற்ற நாளெல்லாம் கொதிகலன் கெட்டுப்போகும் நாள்.
ராத்திரிச் சாப்பாட்டில் ஒருவர் சொன்னதை
காலையில் அடுத்தவருக்கு விற்கிறேன்.
மெழுகுவர்த்தி, ஒரு பெல்ஜியப் பல்மருத்துவருடையது.
சோம்பின் சட்டை மட்டும் பெலிசித்தாவுடையது.

வரைபடத்துக்கு வருவோம்.
யார் வந்தாலும் முதலில் விரல் வைப்பது
எங்கள் வெர்னோத் மேல்தான்.
நாம் இங்கே.
டச்சில், ஜெர்மனில், ஒருமுறை கொரிய மொழியில்:
நாம் இங்கே.
ஒன்பது கோடையில்
முதலில் ஊரின் பெயர் போயிற்று,
பிறகு சாலை, பிறகு காட்டின் பச்சை.
இப்போது கட்டைவிரல் நகமளவு வெள்ளை.
எல்லா வழிகளும் அதுவரை வந்து நிற்கின்றன.
பெலிசித்தா பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.
ஜூலை தாண்டவில்லை.
புது வரைபடம் ஏழு யூரோதான்.
வாங்கவில்லை, ஏனோ.

நவம்பரில் கடையை மூடிவிட்டு
செமூர் போனோம்.
தூறல். ஆற்றுப் பாலத்தில் யாருமில்லை.
அந்த வெடிப்புக்குக் கீழே நின்றபோது
என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்,
"விழுந்துவிடாதா?"
"காரை நிறுத்தியாச்சு,
இன்னும் சாப்பிடவில்லை" என்றாள் அவள்.

நனைந்துபோய்ச் சுற்றுலா அலுவலகத்தில் ஒதுங்கினோம்.
மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.
"எங்கிருந்து வருகிறீர்கள்?"
எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது
அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி
செருப்பைக் கழற்றாமல் காத்திருக்கும்.
இவளிடம் அது இருந்ததா என்று
தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை,
அவள் முதுகுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வரைபடம்.
செமூர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு வெள்ளைத் தேமல்.
தள்ளி, மடிப்புக்குச் சற்று மேலே,
ஒரு விரலும் படாமல்
வெர்னோத்.
கருப்பு எழுத்து, சிவப்புச் சாலை,
எங்கள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை கூட,
மயிரிழை நீலத்தில்.
அதை அச்சடித்திருந்தார்கள் என்பதே
மறந்துபோயிருந்தது.

காட்டுவதற்குக் கை எழுந்தது.
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
வாயால் சொன்னேன்.

அவளுக்கு விளங்கவில்லை.
பெலிசித்தா குனிந்து
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.