வெற்றுச் சுற்றுகள்

நிரலில் ஒன்பது நூற்றாண்டுகள்.
முதல் ஐந்தில் எனக்கு வேலையில்லை.
முரசு அப்போது குதிரை முதுகில் இருந்தது,
சண்டைக்குப் போய்வந்துகொண்டு.
தேவாலயத்துக்குள் அதை விட
வெகுகாலம் ஆயிற்று.

ஆகவே உட்கார்ந்திருக்கிறேன்
கிறிஸ்டியான்சுண்டில், கான்கிரீட் கூரையின் கீழ்,
இரண்டு செம்புக் கொப்பரைகளுக்குப் பின்னால்.
பிப்ரவரி. ஈரக் கோட்டுகளின் ஆட்டுவாடை.
நானூறு பேர் வந்து மூச்சுவிட்டதில்
கன்றுத்தோல் தளர்ந்து
சுருதி இறங்கிவிட்டது.
குனிந்து, காது வைத்து, ஒற்றை விரலால் தட்டுகிறேன்,
காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தட்டுவதுபோல.

முதலில் பெயர் தெரியாத துறவி ஒருவரின் பாட்டு.
ஒரே வரி. துணைக்கு ஒன்றுமில்லை.
பாடுகிறவர்கள் எட்டு ஆண்கள்:
கருவாட்டுக் கிடங்கின் கணக்கர்,
பல் மருத்துவர், சுரங்கப்பாதைக்கு வெடி வைப்பவர்...
லத்தீன் ஒருவருக்கும் தெரியாது.
உயிரெழுத்துகள் தெரியும்.
அவை மட்டும் போதும் என்பதுபோல வாய் திறக்கிறார்கள்.

பிறகு வரி இரண்டாகிறது, நான்காகிறது,
ஓரிடத்தில் பதினாறு.
ஆளுக்கொரு திசையில் பிய்த்துக்கொண்டு போய்
கடைசிச் சொல்லுக்கு மட்டும்
ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
வயலின்கள் சேர்கின்றன. கொம்புகள்.
எனக்கும் இடையில் ஏழெட்டு அடிகள், அரசனுக்கு அடிப்பதுபோல.
இசை நடத்தும் எய்லிஃப்
கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எனக்கு மட்டும் தெரிகிறது:
ஒன்பது நாற்பதுக்குக் கடைசிப் படகு.
பாடகர்களில் பாதிப்பேர் அக்கரை.

கடைசிப் படைப்பு போன வருஷத்தியது.
எழுதிய ஓலௌக் பதினோராம் வரிசையில்
நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள்.
எனக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வெற்றுச் சுற்றுகள்,
அப்புறம் ஒரே ஓர் அடி. மெதுவாக.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சலுக்குப் போகிறவள்.
ஆனால் எண்ணுவேன். உதடசையாமல், விரல் மடக்கி,
நூற்றிருபது, நூற்று நாற்பது,
நூற்று நாற்பத்தொன்றில்
வெந்நீர்க் குழாய் 'டங்' என்றது.

சுருதி வேறு பிசகாமல்.
முன்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.
என் கையில் எண் இல்லை.
தாளைப் பார்த்தேன்: வெள்ளை.
எய்லிஃபைப் பார்த்தேன்: கண்மூடி.
குச்சி வியர்த்தது.

அப்போது கேட்டது,
அறுபது பேர் ஒன்றாக மூச்சை இழுக்கும் சத்தம்.
இந்த மாலை முழுவதும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
அது இருந்திருக்கிறது.
எந்த நூற்றாண்டின் தாளிலும் எழுதியில்லை.
அந்த மூச்சின் மேல் அடித்தேன்.

கைதட்டல் பாதியில் இருக்கும்போதே
அக்கரைக்காரர்கள் ஓடினார்கள்,
கறுப்பு உறைகளைக் கோட்டுக்குள் செருகியபடி.

ஓலௌக் வந்து நின்றாள்.
'ஒரு சுற்று தாமதம்.'
'தெரியும்.'
பென்சிலை எடுத்தாள், முரசுத் தோலையே மேசையாக்கி
எதையோ அழித்தாள், எதையோ எழுதினாள்.
ரப்பர் துகள்களை ஊதிவிட்டுப் போய்விட்டாள்.

துறையில் படகு ஊதியது,
என் பெரிய முரசைவிடக்
கொஞ்சம் கீழே.