கடைமடை முதலில்

பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் நகை எடை போடுகிறேன்.
இரவில், கொரடாச்சேரி அடங்கியபின்,
மாடி அறையில்
இரண்டாயிரத்து இருநூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.
இரண்டு கையும் உள்ளே போனால்
நடுவில் இருப்பது நெஞ்சு.

காரைக்கால் சவரிமுத்துவிடம் வாங்கிய ஆம்ப்ளிஃபையர்.
கப்பலில் இருந்ததாம். ஸ்க்ரூவில் உப்பு பூத்திருந்தது.
உள்ளே ஒரு பல்லி
இரண்டு கெப்பாசிட்டருக்குப் பாலமாகி
காகிதம்போல் கிடந்தது.

சுவிட்சைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை மங்கும்.
காலிக் கெப்பாசிட்டர் எட்டும் ஒரே மடக்கில் குடிக்கும் அவசரம்.
ரிலேயோ கிழடு.
அது ஆன்டெனா பக்கம் சாய்வதற்குள்
என் குரல் வந்துவிடும்.
இருபத்தைந்து மில்லி செகண்டு
போக இடமில்லாமல் முட்டும் நானூறு வாட்.
நீலமாய் ஒரு பொறி, வெள்ளிமுனை கருகும் வாசனை.
பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் ஓட்டினேன்.

குறுவைக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான்.
பதினொன்றுக்கு மோட்டார்கள் எழுந்தால்
என் மீட்டர் நூற்று எழுபத்திரண்டில் படுத்துவிடும்.
திட்டுவேன்,
யாருடைய மோட்டார் என்று தெரியாமலே.

ஆனி இரண்டாம் வாரம்
பக்கிரிசாமி கவுன்டருக்கு வந்தார்.
பதினாறு கிராம் சங்கிலி, அவர் மனைவியுடையது.
"மோட்டார் காயில் போயிடுச்சும்மா.
ஸ்டார்ட்டர் தானா போடுது, தானா நிறுத்துது.
ராத்திரி கடகடன்னு ஒரே சத்தம்.
காத்து கருப்பு புடிச்ச மாதிரி."
எந்த ராத்திரி?
"வெள்ளிக்கிழமை. பன்னெண்டு இருக்கும்."

இந்தத் தராசில் முள் இல்லை, எண்கள்தான்.
அவை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொக்கியில் சிக்கிய நூலை எடுத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.
ரசீதில் என் கையெழுத்து.

வீட்டில் லாக் நோட்டு:
வெள்ளி, பதினொன்று ஐம்பத்திரண்டு முதல் பன்னிரண்டு இருபது.
நாற்பது முறை பட்டனை அமுக்கியிருப்பேன்.
என் ஆன்டெனாவுக்கும் அவர் ஸ்டார்ட்டர் வயருக்கும் நடுவே
ஒரு வாய்க்கால், பத்துத் தென்னை.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
எங்கள் ரிலேக்கள் பேசியிருக்கின்றன.

மூன்று ஞாயிறு எடுத்தது.
ப்ரைமரியில் இருபத்தைந்து ஓம் ரெசிஸ்டர்,
அரை நொடி தாங்கிப் பிடிக்க; பிறகு ஒரு ரிலே அதை விலக்கும்.
லைனில் வடிகட்டி.
கிழட்டு ரிலேயின் இடத்தில்
கண்ணாடிக்குள் வெற்றிடத்தில் துடிக்கும் புதியது.
வரிசைதான் பெரிய வேலை:
முதலில் ஆன்டெனா சேரட்டும், அப்புறம் வால்வு விழிக்கட்டும்;
விடும்போது வால்வு முதலில் உறங்கட்டும்.
கடைமடை ஷட்டரைத் திறந்தபின் தலைமடை,
மூடும்போது தலைமடை முதலில்.
மாற்றிச் செய்தால் கரை உடையும் என்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.
எனக்குத்தான் ஒரு வருடம் ஆனது.

அது போதாது என்றும் தெரியும்.
தப்பில் பாதி என் பெட்டியில், பாதி அவர் வயரில்.

ஆறு ஃபெரைட் வளையங்களோடு
மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.
சொன்னேன், நோட்டில் இருந்தபடியே.
காயில் கட்டிய கூலி நாலாயிரத்து எழுநூறை நீட்டினேன்.
வாங்கியவர் எண்ணவில்லை.
வளையத்தில் நான் வயரை மூன்று சுற்று சுற்றுவதையே பார்த்தார்.
"காத்து கருப்பு நீங்கதானா."
பணத்தை மடியில் முடிந்தார்.
"யாருகூடம்மா பேசுனீங்க அந்நேரத்துல?"

இத்தாலியில் ஒருவர், என்றேன். அவருக்கும் நெல் வயல்தான்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:
"அங்க தண்ணி வந்துடுச்சாமா?"

நான் கேட்கவில்லை.
என் சிக்னல் எப்படி வருகிறது என்றுதான்
நாற்பது முறையும் கேட்டிருந்தேன்.